வெளிமாநிலப் பிள்ளையை எந்த வகுப்பில் உட்கார வைப்பது?

ஜூனில் பள்ளி திறக்கிறது. உடன்குடி அனல்மின் நிலையம், குலசேகரன்பட்டினம் ஏவுதளம் என்று திருச்செந்தூரைச் சுற்றி நடக்கும் கட்டுமானங்களுக்குக் குடும்பத்தோடு வரும் வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளைப் பற்றி வாசகர்கள் கேட்கிறார்கள். தமிழ் தெரியாத பிள்ளையை எந்த வகுப்பில் சேர்ப்பது, ‘வடக்கன்’ என்று மற்றவர்கள் கேலி செய்தால் யாரிடம் முறையிடுவது என்ற இரண்டும்தான் கடிதங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. முதல் கேள்வியைச் சரியாகத் தீர்த்தால் இரண்டாவதில் பாதி தீரும் என்று நினைக்கிறேன்.

2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, பள்ளியில் சேராத அல்லது இடையில் நின்ற பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. மற்றவர்களை எட்டிப் பிடிக்கச் சிறப்புப் பயிற்சி பெறுவதும் அந்தப் பிள்ளையின் உரிமை. மத்திய மாதிரி விதிகள் அதற்குக் குறைந்தது மூன்று மாதம், அதிகபட்சம் இரண்டு ஆண்டு என்று காலம் வகுத்திருக்கின்றன. சட்டத்தில் நான் மிகவும் மதிக்கும் ஏற்பாடு இது. பதினொரு வயதுப் பையனை இரண்டாம் வகுப்பில் உட்கார வைத்தால் அவன் மட்டம் என்று பள்ளியே அறிவித்ததாகிவிடும். பிள்ளைகள் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். நாங்குநேரியில் 2023இல் பட்டியல் சாதி மாணவரைச் சக மாணவர்கள் வெட்டியதை அடுத்து அமைந்த நீதிபதி சந்துரு குழு, வருகைப் பதிவேட்டில் சாதிக் குறிப்பு கூடாது என்று 2024இல் பரிந்துரைத்ததற்கும் இதுதான் அடிப்படை. பள்ளி பிரித்துக் காட்டுவதை வகுப்பறை மறப்பதில்லை.

பாடமே புரியாமல் ஆறாம் வகுப்பில் விழிப்பதைவிடக் கீழ் வகுப்பு நல்லதுதானே என்று ஆசிரியர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. சிறப்புப் பயிற்சி இல்லாமல் வயதை மட்டும் பார்த்து உட்கார வைப்பதும் கொடுமையே. அதற்கு ஆளும் நேரமும் தர வேண்டியது அரசு. ஆகவே ‘அனைவரும் சேர்க்கப்பட்டுவிட்டனர்’ என்ற அறிவிப்பை அப்படியே ஏற்காதீர்கள். ‘சேர்க்கை’ என்றால் கணினியில் ஏறிய பெயர், அவ்வளவுதான். தினமும் எத்தனை மணி நேரம், யார் தமிழ் சொல்லித் தருகிறார் என்று கேளுங்கள். கேலியைப் பொறுத்தவரை, அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு மன உளைச்சல் தருவதைத் தடை செய்கிறது. ஆனால் அதை மீறுவோருக்குப் பணி விதிகளின்படி நடவடிக்கை என்பதால் அது ஆசிரியரைத்தான் தொடும். பெஞ்சில் பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் வாயை அது அடைக்காது. முன்கூட்டியே காக்கும் 4ஆம் பிரிவை நான் பெரிதாகச் சொல்வது அதனால்தான்.

மாற்றுச் சான்றிதழ் வரவில்லையா? அதற்காகச் சேர்க்கையைத் தாமதிக்கவோ மறுக்கவோ முடியாது.

பிறப்புச் சான்று இல்லையா? வயதுச் சான்று இல்லையென்று திருப்பி அனுப்பக் கூடாது.

ஆதார்? பள்ளிச் சேர்க்கைக்குக் கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது.

இலங்கைத் தமிழர் முகாம் பிள்ளைகள்? சட்டம் ‘குழந்தை’ என்று சொல்வது 6 முதல் 14 வயதுள்ள எவரையும், குடியுரிமையைக் கேட்கவில்லை.

பள்ளி மறுத்தால்? கல்வித் துறை உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098.