குளத்தைத் தூர்வாரியபின் யார் பார்த்துக்கொள்வது?

குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு தென்காசி, வீரகேரளம்புதூர் வழியாக ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. வழியில் அணைக்கட்டுகள் பல. அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள் குளங்களை நிரப்புகின்றன. ஒரு குளம் பெருகி மறுகால் பாய்ந்தால்தான் அடுத்த குளத்துக்குத் தண்ணீர். பெரும்பாலும் இவை புறம்போக்கு நிலங்கள். அரசின் பெயரில் இருந்தாலும், இவற்றை நம்பிப் பிழைப்பது ஊர்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே காப்பாற்ற வேண்டிய காடும் சதுப்பும் பல இடங்களில் தனியார் கையில் இருக்கின்றன. அதனால் உள்ளூர் மக்கள் அறக்கட்டளை அமைத்து நிலத்தை வாங்குகிறார்கள். அல்லது கட்டடம் எழுப்புவதில்லை என்று உரிமையாளரிடம் நிரந்தர ஒப்பந்தம் எழுதி வாங்குகிறார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1891-லேயே அப்படியொரு அமைப்பு உருவானது. நிலப் பாதுகாப்புக்கென்று 1964-இல் ஒரு தேசிய நிதியும் சட்டமானது. கடலடி எண்ணெய், எரிவாயு வருவாயிலிருந்து அதற்கு ஆண்டுதோறும் 90 கோடி டாலர் தரவேண்டும் என்று 2020-இல் உறுதிசெய்தார்கள். அதில் மானியம் கேட்கும் மாநிலம் திட்டச் செலவில் பாதியையாவது தானே போடவேண்டும்.

நம்மிடமும் பங்கு போடும் வழக்கம் உண்டு. 2017 மார்ச்சில் மணிமங்கலம் ஏரியில் நீர்நிலைகளைச் சீரமைக்கும் குடிமராமத்தைத் தமிழக அரசு மீண்டும் தொடங்கியது. முதல் கட்டத்தில் 100 கோடி ரூபாய், 1,519 பணிகள். செலவில் பத்தில் ஒரு பங்கை ஆயக்கட்டு விவசாயிகள் பணமாகவோ, பொருளாகவோ, உழைப்பாகவோ தரவேண்டியிருந்தது. வேலையும் அவர்களுடைய சங்கத்திடமே வந்தது. இது மிக நல்ல ஏற்பாடு. தன் வயலுக்குத் தண்ணீர் வரும் மடையை ஒருவர் அக்கறையில்லாமல் கட்டமாட்டார்.

ஆனால் தூர்வாரிய மறு ஆண்டு? சீமைக்கருவேலம் மறுபடி முளைக்கும், கரை அரிக்கும், எல்லைக்கல் காணாமல் போகும். முன்பு மடை திறக்கவும் கரை பார்க்கவும் ஊரில் ஒருவர் இருந்தார். அறுவடையில் அவருக்கு நெல் அளந்தார்கள். அந்தக் கூலிக்கு இன்றைய திட்டங்களில் இடமில்லை. பெருந்தொகை ஒருமுறை வருகிறது, சிறுதொகை ஆண்டுதோறும் வருவதில்லை.

அந்தச் சிறுதொகைக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைய வேண்டும். மானியம் பெறக்கூடிய உள்ளூர் நிதியும் இருக்கவேண்டும். அதே சட்டத்தின்கீழ்தான் 2022 நவம்பரில் மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது: சுமார் 193 எக்டேர். இரண்டு ஆண்டுகளில் அந்தப் பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கம் ஏலம் போனது. ஊர்கள் திரண்டு எழுந்தன. 2025 ஜனவரியில் ஏலத்தை ரத்து செய்த மத்திய அரசு, பாரம்பரியத் தலம் அங்கே இருப்பதையும் காரணமாகச் சொன்னது. மக்களின் போராட்டத்துக்குப் பாரம்பரியத் தல அறிவிப்பு பக்கபலமாக நின்றது.

தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் தன்னார்வலர்கள் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். கண்காணிக்க ஆட்கள் முன்வருகிறார்கள் என்பதற்கு இதுவே சான்று. சிற்றாற்றுக் குளம் ஒவ்வொன்றுக்கும் ஒரு காவலாள் கூலி, எல்லை அளவை, கால்வாய்ப் பராமரிப்பு ஆகியவற்றுக்கு ஆண்டு மானியம் வேண்டும். அது ஐப்பசிக்கு முன்பே விவசாயிகள் சங்கத்தின் கைக்கு வந்தாக வேண்டும். மழை பிடித்தபின் கால்வாயில் இறங்கி மண் அள்ள முடியாது.