போனில் எதை வைப்பது, எதை நீக்குவது?

மக்காச்சோளம் விதைத்து இருபது நாளில் குருத்தில் புழு தெரிகிறது. விவசாயி போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் வேளாண் அலுவலருக்கு அனுப்புகிறார். போய்ச் சேரும் படத்தில் பச்சையும் பழுப்புமாக ஏதோ இருக்கிறது. என்ன புழு என்று சொல்ல வழியில்லை. 2018-ல் நம் நாட்டுக்குள் வந்த அமெரிக்கப் படைப்புழுவுக்கு இரண்டு அடையாளங்கள் உண்டு. தலையில் 'ஒய்' எழுத்தைத் தலைகீழாகப் போட்டது போல வெளிர் கோடு, வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். இவை படத்தில் விழாவிட்டால் அலுவலர் நேரில் வரும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது கடையில் கொடுப்பதை வாங்கி அடிக்க வேண்டும். அதற்குள் புழு குருத்துக்குள் இறங்கிக் கழிவால் வாயை அடைத்துக்கொள்ளும். பிறகு மருந்து அதற்கு எட்டாது.

படம் கெடுவதற்குக் கேமரா மட்டும் காரணம் அல்ல. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. இணைக்கும் குறியை அழுத்தி, கேலரிக்குப் பதிலாக 'ஆவணம்' என்பதன் வழியாக அதே படத்தை அனுப்பினால் எடுத்தது எடுத்தபடியே போகும். டேட்டா கொஞ்சம் கூடுதலாகும். ஒரு முறை மருந்து அடிக்கும் கூலியோடு பார்த்தால் அது ஒரு செலவே இல்லை.

நான்கைந்து படங்கள் வேண்டும். பாதிப்பு எங்கெங்கே இருக்கிறது என்று தெரிய வயல் முழுவதும் ஒன்று, ஒரு செடி முழுதாக ஒன்று, இலையின் மேல்புறமும் அடிப்புறமும், கடைசியாகப் புழுவோ புள்ளியோ மிக அருகில். வெள்ளை ஈயும் சிலந்திப் பேனும் இலைக்கு அடியில்தான் இருக்கும். பலர் அனுப்பாமல் விடுவது அந்தப் படத்தைத்தான். அருகில் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தால் அளவு தெரியும். போனை ஒட்டிப் பிடிக்காமல் ஒரு சாண் தள்ளிப் பிடித்து, திரையில் புழுவின் மேல் விரலால் ஒருமுறை தொட்டு எடுக்க வேண்டும். உச்சி வெயில் ஆகாது. என்ன ரகம், விதைத்து எத்தனை நாள், கடைசியாக இட்ட உரம், அடித்த மருந்து ஆகியவற்றைக் குரல் பதிவாகச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

படத்தைப் பார்த்து நோயின் பெயரைச் சொல்லும் பிளான்டிக்ஸ் போன்ற செயலிகளும் இருக்கின்றன. ஒரு யோசனைக்கு வைத்துக்கொள்ளலாம். அது சொன்னதை மட்டும் நம்பி மருந்துக் கடைக்குப் போகக் கூடாது. நெல்லில் துங்ரோ நச்சுயிரி வந்தாலும் பயிர் குட்டையாகி நிறம் மாறும், துத்தநாகம் குறைந்தாலும் அப்படித்தான். முன்னதற்குப் பச்சைத் தத்துப்பூச்சியைக் கட்டுப்படுத்த வேண்டும். பின்னதற்குத் துத்தநாக சல்பேட் போதும். தவறாகப் புரிந்துகொண்டால் பணமும் போகும், நாளும் போகும்.

எல்லா வீட்டு போனிலும் இருக்க வேண்டியது தமிழக அரசின் 'உழவன்' செயலி. 2018-ல் வந்தது. மானியத் திட்டங்கள், விதை இருப்பு, உர இருப்பு, வாடகை இயந்திரங்கள், சந்தை விலை, உதவி வேளாண் அலுவலர் எந்த நாளில் எந்த ஊருக்கு வருகிறார் என்பது வரை அதில் பார்க்கலாம். உர இருப்பைப் பார்த்துவிட்டுப் போகிறவரிடம் 'இல்லை' என்ற பதில் அவ்வளவு சுலபமாக வராது! சந்தை விலையைப் பார்க்கும்போது தேதியையும் பார்க்க வேண்டும். அது நேற்றைய விலையாக இருக்கலாம்.

வானிலைக்கு 'மேகதூது'. செவ்வாயும் வெள்ளியும் மாவட்ட வாரியாகப் பயிர் ஆலோசனை தமிழிலேயே வரும். திறந்த வெளியில் மாடு மேய்ப்பவர்களும் நடவு, களை வேலைக்குப் போகிறவர்களும் 'தாமினி'யையும் வைத்துக்கொள்வது நல்லது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. சுற்றிலும் 20 முதல் 40 கிலோமீட்டருக்குள் மின்னல் விழுவதைக் காட்டும். அதைப் பார்த்துவிட்டு மரத்தடிக்கு ஓடக் கூடாது. கட்டடத்துக்குள் போக வேண்டும்.

பட்டா, சிட்டா, வங்கிப் புத்தகம் போன்றவற்றை நகலெடுக்க முன்பு பலர் கேம்ஸ்கேனரையும், ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு அனுப்ப ஷேர்இட், செண்டர் ஆகியவற்றையும் பயன்படுத்தினார்கள். இந்த மூன்றும் 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் அடங்கும். பழைய போன்களில் இன்னும் இருந்தால் நீக்கிவிடலாம். நகலெடுக்க கூகுள் டிரைவிலேயே ஸ்கேன் வசதி உண்டு. பக்கத்தில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கு அனுப்ப 'குவிக் ஷேர்' போதும், டேட்டா செலவாகாது.

இனி, பணம் பறிபோகும் வழி. பி.எம். கிசான் தவணை 2,000 ரூபாய் வரும் சமயங்களில், அந்தப் பெயரிலேயே ஒரு கோப்பு வாட்ஸ்அப்பில் சுற்றும். பெயரின் முடிவில் 'ஏ.பி.கே' என்று இருக்கும். அது செயலியை நிறுவும் கோப்பு. அழுத்தி, கேட்ட அனுமதியெல்லாம் கொடுத்துவிட்டால் போனுக்கு வரும் குறுஞ்செய்திகளைப் படிக்கும். வங்கி அனுப்பும் ஓ.டி.பி. திருடர் கைக்குப் போகும். பிடிபட்ட போனிலிருந்து அதே கோப்பு அந்த வீட்டாரின் உறவினர்களுக்கும் ஊர்க் குழுக்களுக்கும் தானாகப் போவதும் உண்டு. அதனால் அனுப்பியவர் சொந்த மச்சானாக இருந்தாலும் அந்தக் கோப்பைத் திறக்கக் கூடாது. எந்த அரசுத் துறையும் செயலியை வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை. பிளே ஸ்டோரில் தேடி, உருவாக்கியவர் பெயரைப் பார்த்து நிறுவுவதே சரி.

தெரியாமல் அழுத்திவிட்டால் முதலில் அந்த போனின் டேட்டாவையும் வைஃபையையும் நிறுத்த வேண்டும். வேறொரு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லிக் கணக்கை முடக்க வேண்டும். பணம் போயிருந்தால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும். விடியட்டும் என்று இருந்தால் பணம் பல கணக்குகளுக்கு மாறிவிடும்.

கணினி மையத்தில் விண்ணப்பம் போடப் போகும்போது, ஆவணத்தை எடுப்பதற்காக அங்குள்ள கணினியில் நம் வாட்ஸ்அப்பைத் திறப்பது வழக்கமாகிவிட்டது. வேலை முடிந்ததும் வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்துக்குப் போய் அந்தக் கணினியைத் துண்டிக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்த பிறகும் நம் செய்திகள் அங்கே தெரியும். இறக்கிய ஆதார் நகலை அழிக்கச் சொல்லிவிட்டு எழுந்திருப்பதில் கூச்சம் வேண்டாம்.

பட்டன் போன் மட்டும் உள்ள வீடுகளுக்குக் கிசான் அழைப்பு மையம் இருக்கிறது. 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழில் கேட்கலாம்.