ராஜாவைக் கேள்வி கேட்கிறவன்

நகைச்சுவையாளர் யார் என்று கேட்டால் சினிமாக்காரர்கள் பெயர்தான் வரிசையாக வரும். நம் வடமாவட்டங்களில் அந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துவருகிறவன் தெருக்கூத்துக் கட்டியங்காரன்.

திரையை இருவர் பிடித்திருக்க, பின்னால் துரியோதனன் பாடிக்கொண்டு நிற்பான். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிக் கண்ணாடி பதித்த கிரீடம், புஜகீர்த்தி, மார்ப்பதக்கம். வேஷம் கட்டவே மணிக்கணக்காகும். கட்டியங்காரனுக்குக் கூம்புத் தொப்பியும் தொளதொள சட்டையும் போதும். ஆனால் “வர்றது யாருங்க?” என்று அவன் கேட்ட பிறகுதான் ராஜா தன் பெயரையே சொல்ல முடியும். ராஜா பேசுவது ஏட்டுத் தமிழ், இவன் பேசுவது டீக்கடைத் தமிழ். அஸ்தினாபுரத்தில் நின்றபடியே ரேஷன் அரிசியைப் பற்றியும் கேட்பான்.

மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி ஈசிஆரில் தெற்கே வந்தால், புதுச்சேரிக்குச் சற்று முன்னால் பெரிய முதலியார்சாவடி. 1980களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கல் கொட்டிய பிறகு, வடக்கே நகர்ந்து வரும் மணல் அங்கேயே தங்கிவிட்டது. இந்தப் பக்கத்துக் கரைகளை அலை அரித்துக்கொண்டே வருகிறது. பாண்டவருக்கு ஊசிமுனை நிலமும் தரமாட்டேன் என்று துரியோதனன் இங்கே வந்து முழங்கினால், நல்ல கட்டியங்காரன் விடமாட்டான்: “அது சரிங்க ராஜா, எங்க நிலத்தைக் கடலுக்கு எழுதிக் கொடுத்தது யாரு?” ஊரே சிரிக்கும். வலை போட்டு உலர்த்த இடமில்லாதவனும் சிரிப்பான். அவன் மனதில் கிடந்த கேள்வியை எல்லார் முன்னிலும் ஒருவன் கேட்டுவிட்டான் அல்லவா? நகைச்சுவையாளனின் தொழில் இதுதான் என்பேன்.

எங்கே சிரிக்க வைக்கக் கூடாது என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். திரௌபதியின் துகிலுரியும் இரவில், துச்சாதனன் வேஷக்காரரே கற்பூரம் ஏற்றிக் கும்பிட்ட பிறகு சேலையில் கை வைக்கும் வழக்கம் உண்டு. அந்த நேரத்தில் ஒரு சொல் தப்பினால் அத்தனை பேர் பக்தியும் கெட்டுவிடும். கட்டியங்காரன் இரட்டை அர்த்தம் பேசுகிறான் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. சில குழுக்களில் அது உண்மைதான்.

என் கவலை வேறு. கூத்துக்கு விடிய விடிய நேரம் வேண்டும். புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்தில் மனம் பறிகொடுத்த நாடகாசிரியர் ந.முத்துசாமி 1977இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார்; நகரமும் கூத்தைக் கவனித்தது. ஆனால் நகர மேடை தருவது ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம். அதற்குள் அடவு அடங்கும், பாட்டு அடங்கும். ஊர் விவகாரத்தை விசாரித்து, கூட்டத்தின் முகம் பார்த்துப் பேச்சை வளர்க்கிறவனுக்கு அங்கே இடம் ஏது? கதை நகரத் தேவையில்லை என்று முதலில் வெட்டுப்படுவது அவன் பேச்சுதான். செல்போனில் அரை நிமிடச் சிரிப்புக்குப் பழகிய பிள்ளைகளும் விடியும்வரை உட்காரத் தயாரில்லை.

கிராமத்திலோ இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியும் இசைக்கருவியும் கூடாது என்கிறது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. திருவிழாக்களுக்குக் கிடைக்கும் விலக்கும் நள்ளிரவோடு சரி. கூத்து களைகட்டும் நேரமே அதுதான். கைக்குழந்தையும் நோயாளியும் தூங்கவேண்டும். விதியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது தடுப்பது ஒலிபெருக்கியையும் இசைக்கருவியையும், கூத்தாடியின் குரலை அல்ல. மைக் வருவதற்கு முன்பு தீப்பந்த வெளிச்சத்தில், பின்பாட்டுக்காரர்கள் அடிக்கு அடி வாங்கிப் பாட, கடைசி வரிசைவரை கேட்ட கலை இது. அடுத்த திருவிழாவுக்குத் தாம்பூலம் கொடுக்கும்போதே ஊர்ப் பெரியவர்கள் குழுவிடம் சொல்லிவிடலாம்: நடுநிசிக்கு மேல் மைக்கும் வாத்தியமும் வேண்டாம், நாங்கள் நெருங்கி உட்கார்ந்துகொள்கிறோம், கட்டியங்காரன் பேச்சை மட்டும் குறைத்துவிடாதீர்கள்.