செம்பின் மேலடுக்கு ஏன் கீழே இறங்குகிறது?

செம்புப் படிகத்தின் உள்ளே ஒவ்வோர் அணுவையும் ஒட்டி 12 அணுக்கள் நிற்கின்றன. படிகத்தை ‘110’ என்று ஆய்வாளர்கள் குறிக்கும் தளத்தில் வெட்டினால், மேல் முகத்தில் இருக்கும் அணுவுக்கு 7 துணைதான் மிஞ்சும். பிடிப்பு குறைந்த அணு தளர்ந்து மேலெழும் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால், அது கீழே இறங்குகிறது!

உள்ளே அடுக்குக்கு அடுக்கு சுமார் 0.128 நானோமீட்டர் இடைவெளி. மேலிருந்து முதல் இடைவெளி இதில் 8 முதல் 10 சதவீதம் வரை சுருங்கிவிடுகிறது. இரண்டாவது இடைவெளி 2, 3 சதவீதம் விரிகிறது. இப்படி மாறி மாறிச் சில அடுக்குகள் போன பிறகே பழைய ஒழுங்கு திரும்புகிறது.

எல்லாம் எலெக்ட்ரான்களின் வேலை. உலோகத்தில் அவை ஓர் அணுவோடு கட்டுப்பட்டிருப்பதில்லை. வெட்டிய முகம் அணு அளவில் மேடும் பள்ளமுமாக இருக்கும்போது, மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பரவி நிரவிக்கொள்கின்றன. இயற்பியலாளர் ஸ்மொலுகோவ்ஸ்கி 1941-லேயே விளக்கியது இது. பள்ளத்தில் சேர்ந்த எலெக்ட்ரான்கள் மேலடுக்கு அணுக்களை உள்நோக்கி இழுக்கின்றன. நெருக்கமாக அடுக்கப்பட்ட ‘111’ முகத்தில் நிரவ அதிகம் இல்லை. அதனால் அசைவும் குறைவு. அலுமினியத்தின் 111 முகமோ இம்மியளவு மேலே எழும்பவே செய்கிறது.

இவ்வளவு நுண்ணிய அசைவை அளக்க, மெதுவான எலெக்ட்ரான்களைப் படிகத்தின் மேல் பாய்ச்சுகிறார்கள். அவை சில அடுக்குகளுக்குக் கீழே போகாமல் சிதறித் திரும்புவதால், மேற்பரப்பின் சேதியை மட்டும் கொண்டுவருகின்றன. 1927-ல் இயற்பியலாளர்கள் டேவிசனும் ஜெர்மரும் நிக்கல் படிகத்தில் செய்த சோதனைதான் இதற்கு வேர். காற்று பட்டால் பரப்பு கெட்டுவிடும் என்பதால், எல்லாம் கடும் வெற்றிடத்தில்தான் நடக்க வேண்டும்.

என்னை மிகவும் ஈர்ப்பது பிளாட்டினம். அதன் சுத்தமான 110 முகத்தில் அணுக்கள் இறங்குவதோடு நிற்பதில்லை; ஒன்றுவிட்டு ஒரு வரிசையே காணாமல் போகிறது. கார்பன் மோனாக்சைடு வந்து ஒட்டியதும் அணுக்கள் இடம்பெயர்ந்து பழைய வரிசைக்குத் திரும்புகின்றன. அந்த வரிசையில் ஆக்சிஜன் கூடுதலாக ஒட்டும். இரண்டும் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துபோக, பரப்பு வெறுமையாகி மறுபடி வரிசைகளை இழக்கிறது. வெப்பமும் வாயு அழுத்தமும் மாறாமல் இருக்கும்போதே வினையின் வேகம் ஏறி ஏறி இறங்குவது இதனால்தான். பெர்லினில் கெர்ஹார்ட் எர்ட்ல் குழுவினர் இந்த ஊசலாட்டத்தைப் பிளாட்டினப் பரப்பில் சுருள் அலைகளாகவே படம்பிடித்தார்கள். திடப்பொருள் பரப்புகளில் நடக்கும் வேதிவினைகளை ஆராய்ந்ததற்காக எர்ட்லுக்கு 2007-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. கார் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடை அகற்றும் வினையூக்கியில் பிளாட்டினம் செய்யும் வேலையும் இதே வினைதான்.