குப்புற விழுந்தால் தோல்வியா?

"குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை" என்று ஒரு பழமொழி உண்டு. தோல்வியை ஒத்துக்கொள்ளாதவரைக் கேலி செய்ய இதைச் சொல்வோம். ஆனால் மல்யுத்தத்தில் குப்புற விழுந்தவர் தோற்றவர் இல்லை. மல்லாந்து விழுந்தால்தான் ஆபத்து!

பாலக்காடு மாவட்டம் பல்லசனாவில் ஓணத்தல்லு நடக்கும். விரித்த கையால்தான் அடிக்க வேண்டும். முஷ்டியால் குத்தக் கூடாது. முறை தவறாமல் பார்த்துக்கொள்ள நடுவில் ஒருவர் இருப்பார். மல்யுத்தத்துக்கும் இப்படி நடுவர் உண்டு.

நீங்கள் சித்தூரில் இருக்கலாம். மூணாறில் இருக்கலாம். உங்கள் மகள் பள்ளியில் மல்யுத்தம் பழகுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். போட்டி பார்க்கப் போகிறீர்கள். மகள் எதிராளியை மல்லாத்திவிட்டாள். "ஜெயித்துவிட்டாள்!" என்று கத்துகிறீர்கள். நடுவரோ விசில் ஊதவில்லை. உங்களுக்குக் கோபம் வருகிறது. அவர் ஏன் ஊதவில்லை?

ஃபால் என்றால் என்ன?

எதிராளியின் இரண்டு தோள்களும் ஒரே நேரத்தில் மெத்தையில் பட வேண்டும். பட்டால் மட்டும் போதாது. அவரை அசையாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். அதை நடுவர் தெளிவாகப் பார்க்கும் அளவுக்குப் பிடி நிலைக்க வேண்டும். இதற்குப் பெயர் ஃபால். ஃபால் ஆனால் போட்டி அப்போதே முடிந்தது.

ஒரு தோள் மட்டும் பட்டால் ஃபால் இல்லை. உருளும்போது இரண்டு தோள்களும் பட்டு உடனே எழுந்தாலும் ஃபால் இல்லை. நேரம் முடிந்து மணி அடித்த பிறகு அழுத்தினாலும் செல்லாது. கீழே கிடப்பவரின் முதுகை மெத்தைப் பக்கம் திருப்பினால் 2 புள்ளி கிடைக்கும். அது புள்ளிதான், வெற்றி அல்ல.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் 2 விநாடி அழுத்த வேண்டும் என்று கணக்கு உண்டு. உலகப் போட்டிகளின் விதியில் விநாடிக் கணக்கு இல்லை. நடுவரின் கண்தான் கணக்கு.

மூன்று பேரின் கண்கள்

நடுவரின் ஒரு கையில் சிவப்புப் பட்டை இருக்கும். மறு கையில் நீலப் பட்டை இருக்கும். ஆடுபவர்களின் உடையும் அதே நிறங்கள்தான். சிவப்புக்குப் புள்ளி என்றால் சிவப்புக் கையைத் தூக்குவார்.

ஃபால் வரும் போலிருந்தால் நடுவர் தரையோடு தரையாகப் படுத்துவிடுவார். தோளுக்கும் மெத்தைக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று பார்ப்பார். தூரத்தில் இருக்கும் நமக்கு அது தெரியாது.

அவர் மட்டும் முடிவு செய்ய முடியாது. பக்க நடுவர் ஒருவரும் தலைமை நடுவர் ஒருவரும் உண்டு. இந்த இருவரில் ஒருவராவது ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகுதான் நடுவர் மெத்தையைக் கையால் தட்டுவார். விசில் ஊதுவார்.

ஏன் இத்தனை கவனம்?

2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக் நடந்தது. அரையிறுதியில் அரியானாவைச் சேர்ந்த ரவி குமார் தஹியா ஆடினார். கசகஸ்தான் வீரரிடம் 2-9 என்று பின்தங்கினார். நேரமும் முடியப்போகிறது. அப்போது ரவி அவரைச் சாய்த்து அழுத்தினார். எதிராளி ரவியின் கையைக் கடித்தார். ரவி பிடியை விடவில்லை. இரண்டு தோள்களும் மெத்தையில் பதிந்தன. ஃபால்! எதிராளியின் 9 புள்ளிகளும் பயனற்றுப் போயின. ரவி இறுதிப் போட்டிக்குப் போய் வெள்ளிப் பதக்கம் வென்றார்.

ஒரே ஃபால் எல்லாவற்றையும் மாற்றிவிடும். அவசரப்பட்டுத் தட்டினால் ஒரு பிள்ளையின் உழைப்பு வீணாகும். தாமதித்தால் இன்னொரு பிள்ளையின் உழைப்பு வீணாகும். அதனால்தான் நடுவர் பொறுத்துப் பார்க்கிறார்.

சந்தேகம் வந்தால் மெத்தைக்கு ஓட வேண்டாம். பயிற்சியாளர் மூலம் கேட்கலாம். அடுத்த முறை மகளின் கையைப் பார்க்காதீர்கள். எதிராளியின் தோள்களைப் பாருங்கள்.

பேசிப் பார்ப்போம்

1. ஒரு தோள் மட்டும் மெத்தையில் பட்டால் ஃபால் ஆகுமா?
2. நடுவர் ஏன் தரையில் படுத்துப் பார்க்கிறார்?
3. உங்கள் ஊர் விளையாட்டுகளில் வழக்கு வந்தால் யார் தீர்ப்புச் சொல்வார்கள்?