30 விநாடியில் நாடு தாண்டலாம், தெரியுமா?

துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போகிற ஆளை வழியனுப்ப, வேன் பிடித்துக் குடும்பத்தோடு ஏர்போர்ட் போயிருக்கிறீர்களா? உள்ளே போனவரிடமிருந்து ரொம்ப நேரம் கழித்து போன் வரும். "இன்னும் இமிகிரேஷன் வரிசையிலதான் நிக்கேன்!" அதே வரிசைக்குப் பக்கத்தில் ஒருவர் விறுவிறுவென்று நடந்து போகிறார், கண்ணாடிக் கதவு தானாகத் திறக்கிறது, ஆள் அந்தப் பக்கம்! ஆன நேரம் எவ்வளவு தெரியுமா? 30 விநாடி! அவர் அமைச்சர் இல்லை, நடிகர் இல்லை. உங்களைப் போல இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கிற ஒரு சாதாரண ஆள்!

எப்படி முடிந்தது?

மத்திய உள்துறை அமைச்சகம் நடத்தும் ஒரு திட்டம் இருக்கிறது. நீளமான பெயர்: ஃபாஸ்ட் டிராக் இமிகிரேஷன், நம்பகமான பயணி திட்டம். 2024 ஜூன் 22-ஆம் தேதி டெல்லி விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்தில் தொடங்கியது. யார் சேரலாம்? இந்தியக் குடிமக்களும், ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கும் வெளிநாடு வாழ் இந்திய வம்சாவளியினரும். எவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்கிறீர்களா? கட்டணமே இல்லாமல்தான் தொடங்கினார்கள்! ஒரு முறை பதிந்தால் 5 ஆண்டு செல்லும். பாஸ்போர்ட் அதற்கு முன்பே காலாவதியானால், அதுவரை.

அந்தக் கதவுக்குள் என்ன நடக்கிறது தெரியுமா? முதல் கதவில் போர்டிங் பாஸையும் பாஸ்போர்ட்டையும் இயந்திரம் படிக்கிறது. உள்ளே போனால் இன்னொரு கதவு. அங்கே உங்கள் முகத்தையும் விரல்ரேகையையும் ஏற்கெனவே பதிந்துவைத்ததோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. பொருந்தினால் கதவு திறக்கும். முத்திரை குத்த ஆள் இல்லை, "எங்க போறீங்க, எதுக்குப் போறீங்க" என்ற கேள்வியும் இல்லை!

அப்படியானால் சோதனையே கிடையாதா? அதுதான் இல்லை! சோதனை முன்கூட்டியே முடிந்துவிட்டது. வாகைக்குளம் சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் ஒட்டிய கார் சர்ரென்று போகிறதே, காசு கொடுக்காமலா போகிறது? முன்னாலேயே கொடுத்தாயிற்று! இங்கேயும் அதே கதைதான். நீங்கள் விண்ணப்பித்ததும் உங்கள் பின்னணியை அலசிவிடுகிறார்கள். அன்றைக்கு அவர்கள் செலவழித்த நேரம்தான் இன்றைக்கு உங்களுக்கு மிச்சம்!

எங்கெங்கே இருக்கிறது? டெல்லியைத் தொடர்ந்து 2025 ஜனவரி 16-இல் ஒரே நாளில் ஏழு ஊர்கள்: சென்னை, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், கொச்சி, அகமதாபாத். அதே ஆண்டு செப்டம்பர் 11-இல் இன்னும் ஐந்து: திருச்சி, திருவனந்தபுரம், கோழிக்கோடு, லக்னோ, அமிர்தசரஸ். மொத்தம் 13! பெயர் பதிந்தவர்கள் அப்போதே சுமார் 3 லட்சம் பேர், அதைப் பயன்படுத்திப் பறந்தவர்கள் 2.65 லட்சம் பேர் என்று கணக்குச் சொன்னார்கள்.

பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். தூத்துக்குடிக்காரருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் திருவனந்தபுரமும் திருச்சியும் இருக்கின்றன! நம் தூத்துக்குடிப் பக்கத்துப் புதுக்கோட்டைக்கு அருகிலேயே, வாகைக்குளத்தில் ஓர் ஏர்போர்ட் இருக்கிறதே என்கிறீர்களா? 2025 ஜூலை 26-இல் அங்கே புது முனையம் திறந்தார்கள். பரப்பு 17,340 சதுர மீட்டர்! ஓடுதளத்தின் நீளம் 3,115 மீட்டர், அதாவது மூன்று கிலோமீட்டருக்கும் மேல்! ஆனால் அங்கிருந்து பறப்பவை உள்நாட்டு விமானங்கள்தான். இமிகிரேஷனே இல்லாத இடத்தில் வரிசை ஏது, கதவு ஏது?

இடையில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "என் போன்லதான் டிஜியாத்ரா இருக்கே, அது போதாதா?" என்று பலர் கேட்கிறார்கள். போதாது! 2022 டிசம்பர் 1-இல் வந்த டிஜியாத்ரா உள்நாட்டுப் பயணிகளுக்கானது. விமான நிலைய வாசல், பாதுகாப்புச் சோதனை, போர்டிங் வாசல் ஆகிய இடங்களில் முகத்தைக் காட்டிப் போகலாம், அவ்வளவுதான். நாட்டை விட்டுப் போவதற்கான திட்டம் வேறு, இது வேறு!

சரி, இதெல்லாம் கம்ப்யூட்டர் காலத்துப் புதுமை என்றுதானே நினைக்கிறீர்கள்? புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் தட்டப்பாறையில் என்ன நடந்தது தெரியுமா?

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆயிரம் ஆயிரமாகத் தமிழர்கள் போன காலம். தூத்துக்குடி வழியாகப் போகிறவர்களைத் தட்டப்பாறை முகாமில் சில நாள் நிறுத்திவைத்து, நோய்நொடி இல்லை என்று பார்த்த பிறகுதான் கப்பலேற்றுவார்கள். 1900-களின் தொடக்கத்தில் அவர்கள் கையில் ஒன்று வந்து சேர்ந்தது. தகரச் சீட்டு! காசு அளவுக்குச் சின்னதான ஒரு தகர வில்லை. அதில் எந்த மாவட்டம், எந்தத் தோட்டம் என்பதற்கான எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். கயிற்றில் கோத்துக் கழுத்திலோ கையிலோ கட்டிக்கொள்வார்கள். அதைக் காட்டினால் போதும், டிக்கெட் வாங்க வேண்டாம், சோற்றுக்குக் காசு தேட வேண்டாம். ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று தோட்ட வாசல் வரை ஆள் போய்ச் சேர்ந்துவிடுவார்! செலவெல்லாம் அந்த எண்ணுக்குரிய தோட்டத்தின் கணக்கில் ஏறும். படம் இல்லை, கையெழுத்து இல்லை, பெயர்கூட இல்லை!

வியப்புதான். ஆனால் யாரை நம்பிக் கொடுத்த சீட்டு அது? கழுத்தில் கட்டியிருந்தவரை நம்பி அல்ல, செலவை ஏற்ற தோட்டத் துரையை நம்பி! இதையும் சொல்லாமல் விட முடியாது.

அந்தக் காலத்துக் கொழும்புப் பயணம் எப்படி என்று தெரியுமா? 'போட் மெயில்' என்றதும் தனுஷ்கோடிதானே நினைவுக்கு வரும்? 1914-க்கு முன் அந்த ரயில் வந்து நின்றது நம் தூத்துக்குடியில்! இங்கிருந்து நீராவிக் கப்பல், மறுகரையில் கொழும்பு. அந்த வழித்தடத்தில்தான் வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி வெள்ளைக்காரனோடு மோதினார். பாஸ்போர்ட்? இந்தியாவுக்குள் வர பாஸ்போர்ட் வேண்டும் என்ற சட்டமே 1920-இல்தான் வந்தது!

பிறகு 2011 ஜூன் 13-இல் 'ஸ்காட்டியா பிரின்ஸ்' என்ற பயணிகள் கப்பல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கிளம்பியது. ஊரே திரண்டு பேசிய அந்தக் கப்பல் எத்தனை நாள் ஓடியது? சில மாதங்கள்தான். நவம்பரிலேயே நின்றுவிட்டது!

இன்னும் பின்னால் போவோமா? குப்ளாய் கான் மார்க்கோ போலோவுக்கு வழிப்பயணத்துக்காக என்ன கொடுத்தார் தெரியுமா? தங்கத் தகடு! அதைக் காட்டினால் மங்கோலியர் ஆண்ட நாடுகளில் குதிரை, சாப்பாடு, துணைக்கு ஆள் எல்லாம் கிடைக்கும். தடுத்து நிறுத்த ஒருவனுக்கும் துணிவு வராது! அந்த மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சீனாவிலிருந்து திரும்பும் வழியில் எந்த ஊரைப் பற்றி எழுதிவைத்தார்? காயல்! தாமிரபரணி கடலில் கலக்கும் நம் பழையகாயல்தான். கூடவே முத்துக்குளிப்பையும் விவரித்தார். கிடைத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு, இருபதில் ஒரு பங்கு சுறா கடிக்காமல் மந்திரம் போடுகிறவருக்கு! மந்திரத்துக்கும் பங்கு!

அர்த்தசாஸ்திரத்தில்கூடப் பயண அனுமதிக்கென்று ஓர் அதிகாரி இருக்கிறார், தெரியுமா? அனுமதி முத்திரை கொடுப்பதே அவர் வேலை. ஒரு முத்திரைக்கு ஒரு மாஷம் (அந்தக் காலத்துக் காசு) கட்டணம். முத்திரை இல்லாமல் வந்து மாட்டினால் 12 பணம் அபராதம்!

போர்ச்சுகீசியர் வந்த பிறகு கடலுக்கே சீட்டு போட்டார்கள். 'கார்த்தாஸ்' என்று பெயர். 16-ஆம் நூற்றாண்டில் அந்தச் சீட்டு இல்லாத வணிகக் கப்பலைக் கண்டால் பிடித்துக்கொள்வார்கள், சரக்கும் போகும். யார் கடலுக்கு யார் சீட்டு கொடுப்பது!

இப்போது நம் வீட்டுப் பிள்ளைகளிடம் வருவோம். தூத்துக்குடிப் பக்கம் கப்பலுக்குப் போகிற ஆள் இல்லாத தெரு உண்டா? அவர்களிடம் சி.டி.சி. என்ற பணிப்பதிவுப் புத்தகம் இருக்கும், அது தெரிந்ததே. அதோடு சிப் வைத்த ஓர் அட்டையும் உண்டு. மாலுமிகளுக்கான பயோமெட்ரிக் அடையாள ஆவணம்! முக அடையாளத்தைப் பதித்த இத்தகைய அட்டையை உலகிலேயே முதலில் கொடுத்த நாடு எது தெரியுமா? அமெரிக்கா இல்லை, ஜப்பான் இல்லை. இந்தியா! நாள்: 2019 மார்ச் 7. இதற்கு அடிப்படை, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2003-ஆம் ஆண்டு ஒப்பந்தம், எண் 185. மாதக்கணக்கில் கடலிலேயே கிடக்கிறவர், கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது விசா இல்லாமல் கரையில் இறங்கிக் கால் நீட்டி நடக்க வேண்டாமா? அதற்கு வழிசெய்யத்தான் அந்த ஒப்பந்தம்!

மனிதருக்கு மட்டும்தானா? பெட்டிகளுக்கும் உண்டு! காவிரிப்பூம்பட்டினத்தில் மூட்டைகளுக்குச் சோழர்களின் புலி முத்திரை குத்தி அனுப்பியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. இன்றைக்கு? தூத்துக்குடி துறைமுகத்துக்கு வரும் ஏற்றுமதி கன்டெய்னர்களின் கதவைப் பாருங்கள். மின்னணு சீல் தொங்கும்! 2017-இல் வந்த முறை இது. சுங்க அதிகாரி எதிரில் நிற்க வேண்டாம், அனுமதி பெற்ற ஏற்றுமதியாளர் தன் தொழிற்சாலையிலேயே பூட்டி சீல் வைத்துவிடலாம். துறைமுகத்தில் ரீடரை நீட்டினால், பூட்டு உடைபட்டதா இல்லையா என்று அதுவே சொல்லிவிடும்! இன்னும் நம்பகமான நிறுவனங்களுக்கு ஏ.இ.ஓ. சான்று. அதில் மூன்று படிகள். மேலே போகப்போகச் சோதனை குறையும்!

நம்பகமான பயணிகளுக்கு வெளிநாடுகளில் எப்போது தனி வழி வந்தது? அமெரிக்க–மெக்சிகோ எல்லையில் ஓட்டாய் மேசா என்ற இடத்தில் 1995-லேயே கார்களுக்குத் தனி வழி போட்டுவிட்டார்கள். நெதர்லாந்தின் ஸ்கிப்போல் விமான நிலையத்தில் 2001-இல் கருவிழியைப் பார்த்தே கதவைத் திறந்தார்கள். துபாயில் 2018-இல் ஒரு சுரங்கம் போன்ற நடைபாதை வைத்தார்கள். நடந்து போனால் போதும், 15 விநாடி!

சிங்கப்பூர் இன்னும் ஒரு படி மேலே! 2024 செப்டம்பர் முடிவதற்குள் சாங்கி விமான நிலையத்தின் எல்லா முனையங்களிலும் பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டாமலே போகும் வசதி வந்துவிட்டது. முன்பு 25 விநாடி ஆன வேலை, இப்போது 10 விநாடி! சிங்கப்பூரிலிருந்து ஊருக்குத் திரும்பும் வெளிநாட்டவருக்கும் இது உண்டு. மலேசியாவுக்குக் காரில் போகிறீர்களா? உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் ஒரே ஒரு கியூஆர் கோடைக் காட்டினால், காரில் இருக்கும் 10 பேர் வரைக்கும் அதுவே போதும்!

அமெரிக்காவில் மகனோ மகளோ இருக்கிறார்களா? 'குளோபல் என்ட்ரி' பற்றிக் கேட்டுப் பாருங்கள். 2017 ஜூலையிலிருந்து இந்தியர்களும் சேரலாம். முதலில் சேர்ந்த இந்தியர் யார் தெரியுமா? அப்போது அமெரிக்காவில் இந்தியத் தூதராக இருந்த நவ்தேஜ் சர்னா! கட்டணம் 100 டாலராக இருந்தது, 2024 அக்டோபர் 1 முதல் 120 டாலர். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் அந்தப் பணம் திரும்பாது! இந்தியர்களுக்கு இங்கே பாஸ்போர்ட் சேவா வழியாகப் பின்னணிச் சரிபார்ப்பும் உண்டு.

வாங்கிய பிறகு நிம்மதிதானே என்கிறீர்களா? ஒரு ஆப்பிள் கதை கேளுங்கள்! 2018-இல் பாரிஸிலிருந்து அமெரிக்கா வந்த ஒரு பெண், விமானத்தில் சாப்பிடக் கொடுத்த ஆப்பிளைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். படிவத்தில் அதைக் குறிப்பிடவில்லை. அபராதம் எவ்வளவு? 500 டாலர்! குளோபல் என்ட்ரியும் கைவிட்டுப் போகும் நிலை! ஒரு ஆப்பிளுக்கே இப்படி என்றால், பெட்டியின் அடியில் நெத்திலிக் கருவாட்டை ஒளித்துக் கொண்டுபோகிற நம் சொந்தபந்தம் என்ன ஆவது? மக்ரூன் டப்பாவானாலும் சரி, இருப்பதை இருப்பதாகப் படிவத்தில் எழுதிவிடுங்கள். நம்பிக்கைப் பட்டியலில் இருப்பவர் மறைத்தால் தண்டனையோடு போகாது, பட்டியலிலிருந்தும் பெயர் போய்விடும்!

இனி உங்கள் முறை. அரசின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், இடையில் ஏஜென்ட் யாருக்கும் காசு அழ வேண்டியதில்லை. பாஸ்போர்ட் நகல், புகைப்படம், முகவரிச் சான்று தயாராக இருக்கட்டும். சரிபார்ப்பு முடிந்து தகவல் வந்ததும், நேரம் குறித்துக்கொண்டு வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்திலோ திட்டம் உள்ள விமான நிலையத்திலோ விரல்ரேகையும் முகமும் பதிய வேண்டும். அதற்கெல்லாம் நாள் பிடிக்கும். நாளை மறுநாள் பயணத்தை வைத்துக்கொண்டு இன்றைக்கு விண்ணப்பித்துப் பயனில்லை!

அதற்கும் முன்னால் ஒரு வேலை. பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டில் காலாவதித் தேதியைப் பாருங்கள். ஆறு மாதம்கூட மிச்சம் இல்லையென்றால் விண்ணப்பமே செல்லாது. முதலில் அதைப் புதுப்பியுங்கள்!