மின்னுரைத் தேடலும் இலக்கிய வகுப்பும்

இலக்கிய ஆசிரியர்க்கு நெடுங்காலமாகத் துணை நின்றவை மூலமும் உரையும் அகராதியுமே. இன்று கணினியும் ஒளித்திரையும் அவற்றோடு சேர்ந்துள்ளன. 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்னுரையாக்கி யாவர்க்கும் இலவசமாக வழங்கிவருகிறது. இக்கருவிகளை வகுப்பிற் கையாளுமுன் ஆசிரியர் கற்க வேண்டுவது யாது என்பதை ஒரு சான்றால் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

திருவண்ணாமலைப் பகுதி மாணவர்க்கு மலைபடுகடாம் தம் நிலத்து நூலாகும். 583 அடிகளையுடைய இதனைப் பாடியவர் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன் நன்னனது செங்கண்மா இன்றைய செங்கம் என்றும், நவிரமலை பருவதமலை என்றும் அறிஞர் கொள்வர். கூத்தரை ஆற்றுப்படுத்தும் நூலாதலின் இசைக்கருவிகள் இதன்கண் சிறப்பிடம் பெறும்.

இந்நூலைப் பாடம் சொல்லுங்கால், யாழ் பற்றிய இடங்களைத் தொகுத்துக் காட்ட விழைந்து, மின்னுரையில் ‘யாழ்’ எனத் தேடினேன். கிடைத்த எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதியும்விட்டேன். அப்போது மாணவி ஒருவர், “ஐயா, ‘யாழின்’, ‘யாழொடு’ போல வருவனவும் இதனுள் அடங்குமா?” என வினவினார். அடங்கா என்பதை அதன்பின்னரே உணர்ந்தேன்.

காரணம் எளிது. கணினி ‘ழ்’ என்பதை ழகரமும் புள்ளியுமாகவும், ‘ழி’ என்பதை ழகரமும் இகரக் குறியுமாகவும் சேமிக்கிறது. உயிர் வந்து புணர்ந்தவிடத்துப் புள்ளி இல்லையாதலின், அவ்வடிவம் தேடலுக்கு அகப்படுவதில்லை. புள்ளியை விடுத்து ‘யாழ’ எனத் தேடின் பல கருவிகளில் இக்குறை நீங்கும். ஆயின், நன்னூல் முன்னிலை அசையெனக் கூறும் ‘யாழ’ என்பதும் உடன்வரும். ‘கல்’ எனத் தேடின் ‘பகல்’ வரும், ‘கற்கள்’ வாராது. 1972 இல் வெளிவந்த ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலின் பெயரைக்கூட ‘நடுகல்’ என்னும் தேடல் காட்டாது. எனவே, கணினி காண்பது எழுத்துத் தொடரை. சொல்லைக் காண்பது புணர்ச்சி கற்ற ஆசிரியரே.

இதனால் மூன்று நெறிகள் பெறப்படும். தேடுமுன் ஒரு சொல் புணர்ச்சியில் எய்தும் வடிவங்களை மாணவரைக் கொண்டே எழுதுவித்தல் வேண்டும்; புணரியல் பயன்படும் இடம் அப்போது அவர்க்கு விளங்கும். கிடைத்த இடங்களை உ. வே. சாமிநாதையர் 1889 இல் நச்சினார்க்கினியர் உரையுடன் வெளியிட்ட பத்துப்பாட்டு முதலிய அச்சுப் பதிப்புகளோடு ஒப்பிட்டுப் பாடவேறுபாடும் பொருளும் காண்டல் வேண்டும். எண்ணிக்கையைக் கூறுவோர் எம்மின்னுரையில், எவ்வடிவம் கொண்டு தேடினர் என்பதையும் கூறுதல் வேண்டும். அது கூறப்படாத எண் சான்றாகாது.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள்பால் இவ்விழிப்பு இன்னும் மிகுதியாக வேண்டும். சங்கப் பாட்டுப் போன்ற அடிகளைத் தாமே புனைந்து, நூற்பெயரும் பாட்டெண்ணும் இட்டுத் தருதலும் அவற்றிற்கு உண்டு. மூலத்திற் காணாத அடியை ஆய்வேட்டில் ஏற்றுதல் பொய்ச்சான்று கூறுதலேயாம்.

அன்று கரும்பலகையில் எழுதிய எண்ணை மாணவர் முன்னிலையிலேயே அழித்தேன். பின்னர் அனைவரும் அச்சு நூலை விரித்து 583 அடிகளையும் படித்தோம். கணினி விரைவு தரும். தெளிவு தருவது அப்பயிற்சியே.